வீட்டில் ஒருவருக்கு சி.ஜே.டி. சந்தேகமா? பிரிட்டனில் எடின்பரோவுக்குத் தகவல் போவது முதல் கடைசி அறிக்கை வரை

பொங்கலன்று மாமா, அதாவது என் மனைவியின் அப்பா, அடுப்பின் முன் நின்றுகொண்டிருந்தார். பால் பொங்கி வழிந்தது. அடுப்பை அணைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஆனி மாதம் தகனம் முடிந்துவிட்டது. நடுவில் இருந்தது ஐந்து மாதம்தான். அதிலும் ஏழு வாரம், எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமலே கழிந்தது. அந்த ஏழு வாரம் உங்களுக்காவது மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நோயின் முழுப் பெயர் குரோய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோய். ஆஸ்பத்திரியில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள், சி.ஜே.டி. என்பார்கள். மூளையில் இருக்கும் ப்ரியான் என்ற புரதம் தவறாக மடிந்து, பக்கத்தில் இருப்பதையும் தன்னைப் போலவே மடக்கிக்கொண்டு போகும். ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவர், இருவருக்கு வருவது. குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை.

குணமாகாத நோய்க்கு எதற்கு இத்தனை ஓட்டம் என்று என் மைத்துனரும் கேட்டார். மூன்று காரணம் உண்டு. இதைப் போலவே தோன்றும் வேறு சில நோய்களுக்குச் சிகிச்சை இருக்கிறது. பெயர் உறுதியானால்தான் பராமரிப்புப் பணமும் ஆளும் சீக்கிரம் வரும். பிள்ளைகளுக்கு வருமா வராதா என்பதற்கும் பதில் இந்த வழியில்தான் கிடைக்கும்.

நாங்கள் இருந்தது இங்கிலாந்தில். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் உதவித்தொகை விதிகள் கொஞ்சம் மாறும். எடின்பரோவில் இந்த நோயைக் கண்காணிக்கும் பிரிவு மட்டும் நாலு நாட்டுக்கும் ஒன்றே.

1. இன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள்

தேதி, என்ன நடந்தது, யார் பார்த்தார்கள். இவ்வளவு போதும். "ஞாபக மறதி" என்று எழுதாதீர்கள். "பிப்ரவரி 3, கழிப்பறைக்குப் போகும் வழி தெரியவில்லை", "பிப்ரவரி 11, இடது கை தானாகத் துள்ளியது" என்று எழுதுங்கள். இந்த நோயில் டாக்டர்கள் முதலில் பார்ப்பது வேகத்தைத்தான். மாதக்கணக்கில் சரிகிறாரா, வருடக்கணக்கிலா என்பதில்தான் சந்தேகமே பிறக்கிறது.

நடையையும் கை துள்ளுவதையும் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். எடுக்கச் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் டாக்டர் வந்து நிற்கும் ஐந்து நிமிடத்தில் அந்தத் துள்ளல் வராது.

வீட்டில் ஆளுக்கொரு தொடக்கத் தேதி சொல்வார்கள். அத்தை தீபாவளி என்றார், என் மனைவி கிறிஸ்துமஸ் என்றாள், நான் பொங்கல் என்றேன். கடைசியில் அத்தை சொன்னதுதான் சரி. தீபாவளிக்கு அப்புறம் இரண்டு மாதத்துக்குள் மாமா இரண்டு முறை மூக்குக்கண்ணாடி மாற்றியிருந்தார். கோளாறு கண்ணில் இல்லை, பார்த்ததை மூளை வாங்கவில்லை. சிலருக்கு இந்த நோய் பார்வைத் தடுமாற்றத்தில்தான் தொடங்குகிறது. கண்ணாடிக் கடை ரசீதுகூட இங்கே ஒரு ஆவணம்தான்.

2. நேராகக் கேளுங்கள்: "எடின்பரோவுக்குச் சொல்லியாகிவிட்டதா?"

எடின்பரோவில் இருப்பது தேசிய சி.ஜே.டி. ஆய்வு மற்றும் கண்காணிப்புப் பிரிவு. 1990 முதல் நாடு முழுவதும் இந்த நோய்ச் சந்தேகங்களைச் சேகரித்து வருகிறது. இங்கேதான் முதல் பொறி. இங்கிலாந்தில் டாக்டர்கள் சட்டப்படி கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் 2025 ஏப்ரல் வரை சி.ஜே.டி. இல்லை, இப்போது சேர்ந்துவிட்டது. சந்தேகம் வந்தால் டாக்டர்கள் பிரிவுக்கும் உள்ளூர் சுகாதாரப் பாதுகாப்புக் குழுவுக்கும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். ஆனால் சந்தேகம் வரவே நாளானால் சொல்வதற்கும் நாளாகும்.

எங்களுக்கு அதுதான் நடந்தது. முதலில் மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார்கள். அப்புறம் சிறுநீர்த் தொற்று என்றார்கள். பிறகு சேர்த்த வார்டில் முதுமை மறதி என்று எழுதி, வீட்டுக்கு அனுப்பவும் தயாரானார்கள். என் மனைவி நோட்டுப் புத்தகத்தைக் காட்டி, நரம்பியல் டாக்டர் பார்க்காமல் அப்பாவை அழைத்துப்போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் வந்த நரம்பியல் டாக்டர் பத்து நிமிடத்தில் சந்தேகத்தைச் சொன்னார். அன்று மாலையே எடின்பரோவுக்குத் தகவல் போய்விட்டது.

தகவல் போனாலே தீர்ப்பு வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அனுப்பப்படும் பெயர்களில் பலவும் கடைசியில் வேறு நோயாக முடிகின்றன. உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் அழற்சி ஒன்று உண்டு, அதை மருந்தால் திருப்ப முடியும். "ஆட்டோஇம்யூன் என்செஃபலைட்டிஸ் ரத்தப் பரிசோதனை அனுப்பியாகிவிட்டதா?" என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

3. மூன்று சோதனைகள்

எம்.ஆர்.ஐ. ஸ்கேன், மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி., முதுகில் ஊசி போட்டு எடுக்கும் நீர். ஸ்கேனில் 'டிஃப்யூஷன்' என்ற படவரிசை இருக்க வேண்டும். இந்த நோயில் மூளையின் மேற்பட்டையும் உள் முடிச்சுகளும் வெளுத்துத் தெரிவது அதில்தான். வெறும் சி.டி. ஸ்கேன் "நார்மல்" என்று வந்தால் நிம்மதியடைய வேண்டாம்.

முதுகுத் தண்டு நீரில் செய்யும் சோதனையின் பெயர் ஆர்.டி.-குயிக். எடுத்த நீரோடு ஆய்வகத்தில் தயாரித்த ப்ரியான் புரதத்தைச் சேர்த்துக் குலுக்குவார்கள். நோய்ப் புரதம் இருந்தால் அது மற்றதையும் மடக்கி ஒளிரும். சோதனை முடிய நாலு நாள் வரை ஆகலாம். மாதிரி எடின்பரோ போய்ச் சேரும் நாளையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். 'ஆம்' என்று வந்தால் ஏறக்குறைய உறுதி. 'இல்லை' என்று வந்தால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை, நோய் இருக்கும் பத்துப் பேரில் ஒருவரை இது தவறவிடலாம். 2017 முதல் இந்தச் சோதனை நோயறியும் விதிகளிலேயே சேர்ந்துவிட்டது.

நீரில் ரத்தம் கலந்திருந்தால் சோதனை கெட்டுப்போகும். மாமாவின் முதல் மாதிரி அப்படித்தான் வீணானது, இரண்டாம் முறை ஊசி போட ஒன்பது நாள். எடுக்கும் டாக்டரிடமே "தெளிவாக வந்ததா, எடின்பரோவுக்கு எத்தனை குழாய்?" என்று கேளுங்கள். அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.-இல் இதற்கெல்லாம் ஒரு பென்னிகூடச் செலவில்லை. செலவு முழுக்க நாட்களில்.

4. எடின்பரோவிலிருந்து வீடு தேடி வருவார்கள்

பலருக்கு இது தெரியாது. பிரிவின் டாக்டரும் நர்ஸும் ஆஸ்பத்திரிக்கோ வீட்டுக்கோ வந்து நோயாளியைப் பார்ப்பார்கள், குடும்பத்தோடு இரண்டு மணி நேரம் பேசுவார்கள். உங்கள் அனுமதியில்லாமல் வர மாட்டார்கள். வருவதற்கு முன் இவற்றைத் தயாராக வையுங்கள்:

பிறந்தது முதல் எந்த ஊர், எத்தனை வருடம். செய்த வேலைகள் எல்லாம். எல்லா அறுவை சிகிச்சைகளும், குறிப்பாக மூளை, முதுகெலும்பு, கண். கருவிழி மாற்று. சின்ன வயதில் வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டதுண்டா என்பது. ரத்தம் கொடுத்தது, வாங்கியது. தாத்தா பாட்டி வரை யாராவது சீக்கிரம் நினைவு தப்பி இறந்தார்களா என்பது. ஜி.பி. என்ற குடும்ப டாக்டரிடமிருந்து மருத்துவப் பதிவின் பிரதி. பிரதி இலவசம்தான், ஆனால் கொடுக்க ஒரு மாதம் வரை எடுத்துக்கொள்ளலாம். அதனால் முதல் வாரமே எழுதிக் கேளுங்கள்.

நம்மவர்களுக்கு இதில் தனிச் சிரமம் ஒன்று உண்டு. மாமா மதுரைக்காரர். 1970-களில் அங்கே ஒரு அறுவை சிகிச்சை நடந்தது என்பது மட்டும் தெரியும், எதற்கு என்று தெரியாது. மதுரையில் இருக்கும் என் மனைவியின் பெரியப்பாவுக்கு வீடியோ கால் போட்டோம். "குடலிறக்கம்டா, நான்தானே பக்கத்துல படுத்திருந்தேன்" என்றார். ஊரில் இருக்கும் பெரியவர்களிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். பேசச் சங்கடம் என்றால் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், அதற்கும் பணமில்லை.

சாப்பாட்டுக் கேள்விகளும் வரும். "மூளை சாப்பிடுவாரா?" என்று நர்ஸ் கேட்டதும் அத்தை என்னைப் பார்த்தார். ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொன்ன மாதிரி முகம். அப்புறம் மெதுவாக, "ஞாயித்துக்கெழமைன்னா மூளை வறுவல் இல்லாம அவருக்கு இறங்காது" என்றார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். நர்ஸ் எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை வைத்துவிட்டு அத்தையிடம் ஒன்று சொன்னார்: பெரும்பாலானவர்களுக்கு வரும் தானாக உண்டாகும் வகைக்கும் சாப்பாட்டுக்கும் தொடர்பு கண்டுபிடிக்கப்படவில்லை. மாட்டிலிருந்து வந்த 'வேரியன்ட்' வகை தனி நோய். பிரிட்டனில் இதுவரை 178 பேருக்கு வந்திருக்கிறது, பெரும்பாலும் இளம் வயதினர். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்பதால்தான் புது வகை ஏதும் தலைகாட்டினால் கண்ணில் படும். 1996-இல் வேரியன்ட் பிடிபட்டதும் இப்படித்தான். அதனால் வெட்கப்பட்டு எதையும் மறைக்காதீர்கள்.

5. கையெழுத்து யார் போடுவது

பெயர் தெரியவரும்போது நோயாளி பெரும்பாலும் கையெழுத்துப் போடும் நிலையில் இருக்க மாட்டார். லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னி என்ற அதிகாரப் பத்திரத்தை அவருக்குப் புரிதல் இருக்கும்போதுதான் எழுத முடியும். கட்டணம் ஒன்றுக்கு நூறு பவுண்டுக்குள், ஆனால் பதிவாக வாரக்கணக்கில் ஆகும். முதல் இரண்டு வாரத்தில் தெளிவு இருந்தால் முயலுங்கள். தாண்டிவிட்டால் விட்டுவிடுங்கள். நாங்கள் ஒரு வக்கீலிடம் போய் மூன்று வாரம் வீணடித்தோம். சிகிச்சை முடிவுகளை அது இல்லாமலே நெருங்கிய உறவினரோடு பேசி எடுப்பார்கள். ஆராய்ச்சிக்குச் சேர்க்கும்போது, அவர் தெளிவாக இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று உங்களிடம் கருத்துக் கேட்பார்கள்.

வங்கிக் கணக்குதான் உண்மையான தலைவலி. கணக்கு அவர் பெயரில் மட்டும் இருந்தால் உடனே வங்கியோடு பேசுங்கள்.

6. பணமும் ஆளும்

இரண்டு வார்த்தைகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: எஸ்.ஆர்.1, ஃபாஸ்ட் ட்ராக்.

எஸ்.ஆர்.1 என்பது, இந்த நோயாளி 12 மாதத்துக்குள் இறக்கக்கூடும் என்று டாக்டரோ நர்ஸோ எழுதித் தரும் படிவம். ஓய்வூதிய வயதைத் தாண்டியவருக்கு அட்டெண்டன்ஸ் அலவன்ஸ், அதற்குக் கீழே என்றால் பி.ஐ.பி. என்ற உதவித்தொகை. சாதாரணமாகக் கேட்டால், ஆறு மாதமாக உதவி தேவைப்பட்டிருக்க வேண்டும் என்று அட்டெண்டன்ஸ் அலவன்ஸுக்கு விதி. பலருக்கு இந்த நோய் ஆறு மாதம்கூடக் கொடுப்பதில்லை. எஸ்.ஆர்.1 இருந்தால் அந்தக் காத்திருப்பு கிடையாது. நாங்கள் முதலில் சாதாரணப் படிவத்தைப் பக்கம் பக்கமாக நிரப்பி அனுப்பினோம். அது தேவையே இல்லாத வேலை.

ஃபாஸ்ட் ட்ராக் என்பது என்.எச்.எஸ். தொடர் பராமரிப்புக்கான குறுக்கு வழி. நிலை வேகமாக மோசமாகிறது என்று டாக்டரோ நர்ஸோ படிவம் போட்டால், பராமரிப்புச் செலவை என்.எச்.எஸ். ஏற்கும். 48 மணி நேரத்தில் ஏற்பாடு நடக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. இது உங்கள் சேமிப்பைப் பார்த்துக் கொடுப்பதில்லை. கவுன்சில் என்ற உள்ளூராட்சியின் ஆள் வந்து வீட்டு மதிப்பை விசாரித்தால், நீங்கள் தவறான வரிசையில் நிற்கிறீர்கள்.

இதற்கும் மேலே எடின்பரோவில் ஒரு தேசியப் பராமரிப்புக் குழு இருக்கிறது. உள்ளூரில் கிடைக்காத கட்டில், நாற்காலி, இரவு நேர ஆள் போன்ற இடைவெளிகளை நிரப்பத் தனி நிதியும் உண்டு. குடும்பம் நேராக விண்ணப்பிக்க வேண்டாம், குழுவின் நர்ஸ் உள்ளூர் ஆட்களோடு பேசி நடத்துவார். சாய்வு நாற்காலி வேண்டும் என்று நான் கேட்ட நாளில், "நாற்காலியை விட்டுவிடுங்கள், இரண்டு வாரத்தில் அவரால் உட்கார முடியாது, கட்டிலைக் கேட்போம்" என்றார் எங்களுக்கு வந்தவர். கேட்கக் கசந்தது. ஆனால் அவர் சொன்னபடியேதான் ஆனது. எப்போதும் அடுத்த கட்டத்துக்கான சாமானைக் கேளுங்கள்.

7. தொட்டால் ஒட்டுமா

ஒட்டாது. கட்டிப்பிடிக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம், ஊட்டிவிடலாம். இருந்தும் ஒரு பராமரிப்பு இல்லம் பெயரைக் கேட்டதும் இடமில்லை என்றது. அப்படி நடந்தால் பராமரிப்புக் குழு நர்ஸிடம் சொல்லுங்கள், அவர் போய்ப் பேசுவார். சுகாதாரக் குழு விசாரிப்பது பழைய அறுவை சிகிச்சைக் கருவிகளையும் ரத்த தானத்தையும் பற்றித்தான். உங்கள் வீட்டுப் பாத்திரங்களைப் பற்றி இல்லை.

8. மரபணுச் சோதனையில் மட்டும் அவசரம் வேண்டாம்

பத்தில் ஒன்று, ஒன்றரைப் பங்கு பரம்பரையாக வருவது. குடும்பத்தில் முன்பு யாருக்கும் வராவிட்டாலும் இருக்கலாம். நோயாளியின் ரத்தத்தைச் சோதிக்க உங்களிடம் கேட்பார்கள். ஒப்புக்கொள்ளும் முன் உடன்பிறந்தவர்கள் எல்லோரும் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். வரும் பதில் அவர்களையும் பற்றியது. மாற்றம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. லண்டனில் தேசிய ப்ரியான் கிளினிக் ஆலோசனை தருகிறது, ஆரோக்கியமாக இருக்கும் பிள்ளைகள் சோதித்துக்கொள்வதா என்பதை அங்கே பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

என் மைத்துனரின் முதல் கேள்வி ஆயுள் காப்பீடு. அரசும் காப்பீட்டுத் துறையும் செய்துகொண்ட நடப்பு ஒப்பந்தத்தின்படி, நோய் வருமுன்பே செய்யும் மரபணுச் சோதனையின் முடிவைக் காப்பீட்டு நிறுவனங்கள் கேட்கக் கூடாது. 5,00,000 பவுண்டுக்கு மேற்பட்ட ஆயுள் காப்பீட்டில் ஹண்டிங்டன் நோய் ஒன்றுதான் விலக்கு. ஆனால் "அப்பாவுக்கு என்ன நோய்?" என்று கேட்கலாம். சோதனையும் குடும்ப வரலாறும் வேறு வேறு. இதில் பலர் குழம்புகிறார்கள்.

9. பிரேதப் பரிசோதனை: உயிரோடு இருக்கும்போதே பேசி முடியுங்கள்

உயிரோடு இருக்கும்வரை எத்தனை சோதனை செய்தாலும் பதிவேட்டில் "பெரும்பாலும்" என்றுதான் வரும். "உறுதி" என்று எழுத மூளைத் திசு வேண்டும். யாரும் வற்புறுத்த மாட்டார்கள். வேண்டாம் என்றாலும் பராமரிப்பில் குறை வராது.

நம் வீடுகளில் இது பெரிய பேச்சு. அத்தை முதலில் கூடாது என்றார். தலையை அறுத்து அனுப்ப முடியாது என்றார். பிரிவின் நர்ஸ் அமைதியாக விளக்கினார்: மூளையை மட்டும் பார்க்கச் சொல்லலாம். வெட்டுக் கோடு முடிக்குள் மறைந்துவிடும், முகம் அப்படியே இருக்கும். தொடலாம், முத்தமிடலாம். இரண்டு நாள் கழித்து அத்தையே, "திருநீறு பூசலாமில்ல? அப்ப சரி" என்றார். அனுமதிக் கையெழுத்து உரிமையில் கணவன் அல்லது மனைவிதான் முதலில். மகனைக் கையெழுத்துப் போடச் சொல்லி அத்தையைத் தாண்டிப் போகாதீர்கள், படிவம் திரும்பி வரும். திசுவை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாமா என்பது தனிக் கேள்வி, தனிக் கையெழுத்து.

உடலைக் குளிப்பாட்டும் வழக்கம் இருந்தால் பரிசோதனைக்கு முன்பா, பின்பா என்று முன்கூட்டியே கேளுங்கள். பரிசோதனைக்கு எங்களிடம் பணம் கேட்கவில்லை. உடலைக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும் செலவு யாருடையது என்பதை மட்டும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாள் பற்றிய பயமும் வேண்டாம். இங்கே தகன மேடையில் இடம் கிடைக்கவே ஒரு வாரம், பத்து நாள் ஆகிறது. பரிசோதனை அதற்குள் முடிந்துவிட்டது.

ஈமச் சடங்கு நிறுவனத்திடம் முதல் அழைப்பிலேயே நோயின் பெயரைச் சொல்லுங்கள். எங்களுக்கு முதலில் ஒத்துக்கொண்டவர் பெயரைக் கேட்டுப் பின்வாங்கினார். உடலை ஊருக்கு அனுப்ப நினைப்பவர்கள் கவனியுங்கள்: விமானத்தில் அனுப்ப உடலைப் பதப்படுத்தக் கேட்பார்கள், இந்த நோயில் பதப்படுத்தப் பலர் முன்வர மாட்டார்கள். அஸ்தியைக் கொண்டுபோவது எவ்வளவோ எளிது. நாங்கள் அதைத்தான் வைகையில் கரைத்தோம்.

இறப்புக்கான மருத்துவச் சான்றிதழ் பதிவு அலுவலகத்துக்குப் போன 5 நாளுக்குள் இறப்பைப் பதிவு செய்ய வேண்டும். சான்றிதழில் நோயின் பெயர் முழுதாக, எழுத்துப்பிழை இல்லாமல் இருக்கிறதா பாருங்கள். வெறும் 'டிமென்ஷியா' என்று போட்டிருந்தால் பதிவுக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுத் திருத்துங்கள். பதிவான பிறகு திருத்துவது பெரும்பாடு. பிரதி ஒன்று 12.50 பவுண்டு. வங்கி, ஓய்வூதியம், காப்பீடு, இந்தியாவில் சொத்து என்று பார்த்து ஆறாவது வாங்குங்கள்.

10. கடைசிக் கடிதம்

முழு அறிக்கை வரச் சில மாதங்கள் ஆகும். எங்களுக்குக் கார்த்திகையில் வந்தது: உறுதி, தானாக உண்டாகும் வகை. மரபணு மாற்றமும் இல்லை என்று முன்பே தெரிந்திருந்தது.

எடின்பரோ பிரிவு தன் இணையதளத்தில் ஆண்டுவாரியாக எண்ணிக்கையைப் போடுகிறது: எத்தனை பேரின் பெயர் அனுப்பப்பட்டது, எந்த வகையில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று. கடைசி ஓரிரு வருட எண்களை வைத்து நோய் கூடுகிறது, குறைகிறது என்று முடிவு கட்டாதீர்கள், தாமதமாக வரும் அறிக்கைகளால் அவை நகர்ந்துகொண்டே இருக்கும். அந்த அட்டவணையில் மாமா இறந்த வருட வரியை அத்தைக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "இதுல எது அவரு?" என்றார்.

கடிதத்தின் பிரதியை உங்கள் ஜி.பி.-க்கும் உடன்பிறந்தவர்களின் ஜி.பி.-க்கும் கொடுங்கள். நாளைக்கு அவர்களில் யாருக்காவது மூளை அறுவை சிகிச்சை வந்தால், குடும்பத்தில் இந்த நோய் இருந்ததா என்று கேட்பார்கள். அப்போது வாய்வார்த்தையாகச் சொல்வதைவிட இந்தக் காகிதம் வேலையைச் சீக்கிரம் முடிக்கும்.